மூன்று எட்டுகளும் ஒரு தலையாட்டலும்

சூதாட்ட விடுதியில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என் விரல்களைப் பிடித்துத் திருப்பியே பார்த்தார். அந்தக் கரைச்சல் வேண்டாமென்று முதல் பத்து வருஷம் "ஹோட்டலில் வேலை" என்று சொல்லித் தப்பினேன். என் மாமனார் தன் மருமகன் ஹோட்டல் மனேஜர் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இந்த வருஷம் ஓய்வு பெற்றேன். மேசைகளில் பாதியை எடுத்துவிட்டுத் தொடுதிரைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சீட்டைக் கலைப்பதும் அதுதான், போடுவதும் அதுதான். எனக்கு நல்ல நேரத்தில் ஓய்வு வயசு வந்துவிட்டது. ஓய்வு பெற்று ஒரு கிழமை கழித்துத் தந்த பிரியாவிடைச் சாப்பாட்டில், மேசையில் சீட்டுப் போடுகிற இளம் டீலர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்து, எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இத்தனை வருஷத்தில் நீங்கள் பார்த்த பெரிய வெற்றி எது?"

இதற்கு என்னிடம் கைவசம் ஒரு பதில் இருந்தது. வட லண்டன் எட்மண்டனில் இருந்து பஸ்ஸில் வந்த ஒரு சைப்பிரஸ்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. என் ரூலட் மேசையில் ஒரு எண்ணில் காசு வைத்தார், சுழன்ற பந்து அதிலேயே விழுந்தது. எடுக்காமல் விட்டார், திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறையும் அதே எண். சனம் கூடிவிட்டது, முன்பின் தெரியாதவர்கள் அவருடைய தோளைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்த மனிசி என்னைப் பார்த்து, "நேரம் என்ன?" என்று கேட்டார். மூன்றாகப் பத்து நிமிஷம் என்றேன். "ஐயோ, மகளுக்குப் பள்ளிக்கூடம் விடப்போகுது" என்று சொல்லி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனவர் போனவர்தான். திரும்பி வரவே இல்லை. எங்கள் விடுதியை உண்மையாக வென்றவர் என்று நான் அறிய அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆனால் அன்றைய சாப்பாட்டில் நான் அந்தக் கதையைச் சொல்லவில்லை. அதுவரை வாய் திறக்காமல் வைத்திருந்த வேறொரு ஆட்டத்தைச் சொன்னேன். என் லைசன்ஸையே பறிக்கப் பார்த்த ஆட்டம் அது. அதில் வென்றவருக்கு உரிய வெற்றி அவர் கைக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் நான்.

முதலில் நான் அங்கே போன விதம். ஜேர்மனியில் ஒன்பது வருஷம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தேன். டீலர் வேலைக்கு ஆறு கிழமை பழக்கினார்கள். காசுக்குப் பதிலாக வைக்கிற வில்லைகளான சிப்ஸை விரலால் தடவி, பார்க்காமலே ஐந்து ஐந்தாக வெட்டி வைக்கப் பழகினேன். பொக்கற் இல்லாத காற்சட்டை தந்தார்கள். மேசையை விட்டு எழும்பும்போது இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கமராவுக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். நான் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இந்தப் பழக்கம் தொற்றிவிட்டால் விடாது. பிறந்தநாள் வீட்டில் சாப்பிட்டு எழும்பும்போது நான் கையைத் தட்டித் திருப்ப, என் மனைவி சுமதி, "போதும், கறிச்சட்டியை நீங்கள் எடுக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்பாள்.

மேசைக்கு இரண்டு சட்டம் முக்கியம். தெரிந்தவர் விளையாட வந்தால் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு மேசையை மாற்றிக்கொள்ள வேண்டும். சீட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. முதற் சட்டம் எங்கள் ஆட்களுக்குப் பெரிய சோதனை. இரண்டு யாழ்ப்பாணத்தார் சந்தித்தால் ஐந்து நிமிஷத்துக்குள் "ஊரில எவடம்?" என்று வந்துவிடும். பத்தாவது நிமிஷத்தில் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிடுவோம். அதனால் தமிழர் யார் வந்தாலும் நான் ஊரைக் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. சிலர் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்தார்கள், நினைக்கட்டும் என்று விட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் மொரீன். வடக்கு இங்கிலாந்துக்காரி, அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். சச்சரவென்று கூப்பிட்டால் மற்ற மனேஜர்கள் ஓடி வருவார்கள். மொரீன் நடந்துதான் வருவார். வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் மேசை விளிம்பில் பரப்பி வைப்பார். யார் கத்தினாலும் பதில் சொல்லமாட்டார். கத்தி ஓய்ந்த பிறகு டீலரைப் பார்த்து எப்போதும் ஒரே வசனம்: "எல்லாரும் ஒத்துக்கொள்கிற கடைசி இடத்திலிருந்து சொல்லு." அந்த வசனத்துக்குப் பாதிச் சண்டை அடங்கிவிடும். ஏனென்றால் எல்லாரும் ஒத்துக்கொள்கிற இடத்தைத் தேடத் தொடங்கினாலே கோபம் குறைந்துவிடுகிறது. டீலர்கள் பிழை விட்டாலும் ஆட்களுக்கு முன் ஒரு சொல் பேசமாட்டார். தனியே கூப்பிட்டுப் பேசும்போதும் கதவைச் சாத்த மாட்டார். எனக்கு அவரிடம் பயமும் மரியாதையும் சரிபாதியாக இருந்தன.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. பின்னேர போக்கர் மேசை, சின்னப் பந்தயம். ஏழு பேர் இருந்தார்கள், நமக்கு இரண்டு பேர் போதும்.

ஒருவர் திருவண்ணை. தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருந்து வருகிறவர், அறுபது வயசு இருக்கும். பிரான்சில் இருபது வருஷம் பேக்கரியில் நின்றுவிட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக இங்கே வந்தவர் என்பது அவருடைய வாயாலேயே எல்லாருக்கும் தெரியும். செவ்வாய் தவறாமல் வருவார், கொஞ்சக் காசு கொண்டுவருவார், பெரும்பாலும் அதைத் தோற்றுவிட்டுப் போவார். தோற்கும்போதும் வெல்லும்போதும் வாய்க்குள் தமிழில் முணுமுணுத்தபடி இருப்பார். சீட்டோடு பேசுவார், சிப்ஸோடு பேசுவார். சட்டப்படி நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதர் தன்னோடு தானே பேசுவதை எப்படித் தடுப்பது என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். அவர் முணுமுணுக்க முணுமுணுக்க நான் உம் கொட்டினேன்.

இதை வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். வயசில் மூத்தவர் ஏதாவது சொல்லும்போது சும்மா நின்றால் எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. கதை விளங்கினாலும் விளங்காவிட்டாலும் உம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தலையாவது ஆட்ட வேண்டும். மேசையில் குரல் வரக்கூடாது என்று தெரிந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது.

மற்றவர் மேசைப் பதிவில் "கே" என்று இருந்த இளைஞர். முப்பத்தைந்து வயசு, வங்கிக்காரருடைய சேர்ட், ஒரு காதில் மட்டும் இயர்போன். ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசினார், அதுவும் அளந்து. வட இந்தியர் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். திருவண்ணை அவரைப் பார்த்துத் தமிழில் முணுமுணுப்பது வழக்கமாகிவிட்டது. "இவன் பாங்கிலதான் வேலை, பாக்கவே தெரியுது. சிரிக்கிறதுக்கும் வட்டி கேப்பான்" என்றார் ஒருமுறை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு சீட்டைக் கலைத்தேன்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடித் தருவோம். நடுவில் ஐந்து சீட்டு திறந்து வைப்போம், அது எல்லாருக்கும் பொது. ஏழிலும் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சாதிச் சீட்டு ஐந்து சேர்ந்தால், மூன்று ஒரே எண் வைத்திருப்பவரை வெல்லலாம். இவ்வளவும் போதும்.

அந்த ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டேன். கே தன் இரண்டு சீட்டையும் பார்க்கும்போது கொஞ்சம் உயர்த்திவிட்டார். என் பக்கத்தில் இருந்த சீட்டு எனக்குத் தெரிந்தது. சிவப்பு ராணி. அந்த இடத்தில் டீலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "சீட்டைத் தாழ்த்திப் பிடியுங்கள், எனக்குத் தெரிகிறது" என்று உடனே எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அந்த நேரம் திருவண்ணை பிரான்சில் தன் முதலாளி மாவை எப்படி நிறுப்பான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய நொடி போய்விட்டது. பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒவ்வொருவராக விலகி, இரண்டு பேர் மிஞ்சினார்கள். நடுவில் ஐந்து சீட்டும் திறந்தபோது அதில் மூன்று, ஸ்பேட் என்கிற கறுப்புச் சாதி. கேயின் கையில் இரண்டும் ஸ்பேட்டாக இருந்தால் ஐந்து சேர்ந்துவிடும், அவரை வெல்வது கஷ்டம். அவர் அப்படித்தான் என்பதுபோல் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் மெதுவாக நடுவில் தள்ளினார். திருவண்ணையிடம் இருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவு. அன்றைக்கு அவருக்கு அதிசயமாக நல்ல நாள், அந்த வருஷம் முழுவதும் வென்றதைவிட அதிகம் முன்னால் குவிந்திருந்தது. நின்றால் அவ்வளவையும் வைக்க வேண்டும்.

கேயிடம் ஐந்து ஸ்பேட் இல்லை என்று அந்த மேசையில் இருவருக்குத்தான் தெரியும். ஒருவர் கே. மற்றவன் நான். ஒரு சீட்டு சிவப்பென்றால் ஐந்து சேராது.

திருவண்ணை தன் சீட்டின் மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரத்து, "தம்பி, நிக்கட்டோ, விடட்டோ?" என்றார்.

என் தலை ஆடியது.

"கோல்" என்றார் திருவண்ணை. நிற்கிறேன், பந்தயத்துக்கு ஈடு வைக்கிறேன் என்று அர்த்தம். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது.

கே சீட்டைத் திறக்கவில்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கி மனேஜரைக் கூப்பிட்டார். மொரீன் நடந்து வந்தார். விளிம்பில் கைகளை வைத்தார். கே அமைதியாகத்தான் பேசினார். "இவர் டீலரிடம் தமிழில் நிற்கட்டுமா என்று கேட்டார். டீலர் தலையாட்டினார். அதன் பிறகுதான் இவர் நின்றார்." பிறகு திருவண்ணை பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நான் கோயம்புத்தூர்க்காரன் சார். சிரிக்கிறதுக்கெல்லாம் வட்டி கேக்க மாட்டேன்."

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. திருவண்ணை தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

மொரீன் "நேசன்" என்று என் பெயரைச் சொல்லி என்னைப் பார்த்தார். "எல்லாரும் ஒத்துக்கொள்கிற கடைசி இடத்திலிருந்து சொல்லு." சொன்னேன். "இவர் கேட்டது சரியாக என்ன?" சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். "தம்பி என்பது யார்?" இளையவர் யாரையும் சொல்லலாம், நானாகவும் இருக்கலாம் என்றேன். "உனக்கு இவரை வெளியே தெரியுமா?" தெரியாது. "எந்த ஊர் என்றுகூட?" என்னோடு வேலை செய்து அந்தக் கேள்வியின் கனம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரும் தெரியாது என்றேன்.

திருவண்ணையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்கள் டீலரோடு பேசினீர்களா?"

அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நோ மேடம். நான் என் கடவுளோடு பேசுகிறவன்" என்றார். மேசையில் யாரோ சிரித்தார்கள். பேக்கரிக்காரக் கிழவர் சாமி கும்பிட்டுச் சீட்டு விளையாடுகிறார் என்று ஆகிவிட்டது. அவர் தலை குனிந்துகொண்டார்.

பிறகு மொரீன் என்னிடம் திரும்பி, "இந்த ஆட்டத்தில் யாருடைய மூடிய சீட்டையாவது நீ பார்த்தாயா?" என்றார்.

கமரா மேசையைப் பார்க்கும், கையைப் பார்க்கும். என் கண் எதைக் கண்டது என்பதை எந்தக் கமராவும் பார்க்காது. இல்லை என்றால் அதோடு முடிந்தது. ஓம் என்றால் அரசாங்கம் தந்த லைசன்ஸ் போகலாம், போனால் இந்த நாட்டில் எந்த விடுதியிலும் வேலை இல்லை. கோலியர்ஸ் வுட்டில் வீடு வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. இதெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். சுமதியின் முகம் மட்டும் வந்தது. நான் துணிச்சல்காரன் இல்லை. மொரீனைப் பார்த்துப் பொய் சொல்லும் துணிச்சலும் எனக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"ஒன்று பார்த்தேன். சிவப்பு ராணி. கேயின் சீட்டு" என்றேன்.

இரண்டு பேரின் சீட்டையும் திறக்கச் சொன்னார். கேயிடம் ஸ்பேட் ஆஸ் ஒன்று, சிவப்பு ராணி ஒன்று. நடுவில் இருந்த எதனோடும் சேராத கை, வெறும் மிரட்டல். திருவண்ணையிடம் இரண்டு எட்டு, நடுவில் ஒரு எட்டு. மூன்று எட்டுகள். தெளிவான வெற்றி.

மொரீன் பந்தயத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு கமரா அறைக்குப் போனார். நான் கையைத் தட்டித் திருப்பிக் காட்டிவிட்டு மேசையை விட்டு எழும்பினேன். கீழே பணியாளர் அறையில் இருந்து சுமதிக்குப் போன் எடுத்தேன்.

"வேலை போகப் போகுது போல கிடக்கு."

"என்ன செய்தனியள்?"

"தலையாட்டினனான்."

"தலையாட்டினதுக்கு ஆரும் வேலையால நிப்பாட்டுவினமோ? வீட்டில நான் கேக்கிற ஒண்டுக்கும் நீங்கள் தலையாட்டினதைக் காணேல்லையே" என்றாள். பிறகு நான் எல்லாம் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "உண்மையைச் சொல்லிப் போட்டியள்தானே. வாங்கோ, பாப்பம்" என்று வைத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மொரீன் என்னையும் மேசைக்குக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "நாற்பது நிமிஷப் படம் பார்த்தேன். நேசன் எல்லாருக்கும் தலையாட்டுகிறான். தேநீர் கொண்டுவருகிற பெண்ணுக்கு ஆட்டுகிறான். ஒரு இடத்தில் கதிரைக்கும் ஆட்டியிருக்கிறான். ஆகவே அது சைகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சீட்டைக் கண்ட டீலர், ஒரு கேள்விக்குப் பிறகு தலையாட்டியிருக்கிறான். அதற்கு இந்த இளைஞரைக் காசு கட்டச் சொல்லவும் என்னால் முடியாது." கடைசிப் பந்தயம் நடக்காதது போல. அதை இருவருக்கும் திருப்பிக் கொடுத்தார். அதற்கு முன் நடுவில் இருந்த சின்னத் தொகை மட்டும் மூன்று எட்டுக்காரருக்கு.

கே எழும்பிப் போகும்போது என்னிடம் வந்து, "நான் தமிழ்னு முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். ஆனா நீங்க தலையாட்டினது நெஜம்தானே?" என்றார். ஓம் என்றேன். அவரில் எனக்குக் கோபமில்லை. திருவண்ணை சின்னத் தொகையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனார். அதன் பிறகு அவர் எங்கள் விடுதிக்கு வரவில்லை.

எனக்கு நான்கு கிழமை மேசை இல்லை, எழுத்தில் ஒரு எச்சரிக்கை. லைசன்ஸ் தப்பியது. "எந்தச் சீட்டென்று நான் கேட்க முன்பே நீ பெயர் சொன்னாய், அதனால்தான்" என்றார் மொரீன், கதவைச் சாத்தாமல். அந்த வார்த்தையை நான் பதக்கம் போல வைத்திருந்தேன். நேர்மையாக நடந்துகொண்டோம், கிழவரும் நான் தலையாட்டியதால்தானே நின்றார், அவருக்குப் போனது அவருக்கு உரியது இல்லை என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். டீலர்களைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டராகவும் ஆனேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு காலைநேரம். மிச்சத்தில் டிராமுக்குள் ஏறினால் எதிர் ஆசனத்தில் திருவண்ணை. பார்க்காதது போல் இருக்கலாமோ என்று நினைத்தேன். அவரே, "தம்பி, இஞ்ச வா, இரு" என்றார். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"உனக்கு அண்டைக்கு வேலை போகேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. உங்கட காசுதான் போச்சு. நான் தலையாட்டாமல் இருந்திருந்தால்..."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நான் உன்ர தலையைப் பாக்கவே இல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவரே ஆற அமரச் சொன்னார். அந்தப் பெடியன் தமிழன் என்று அவருக்கு முந்தைய கிழமையே தெரியுமாம். "தேத்தண்ணி ஆறப்போகுது எண்டு நான் எனக்குள்ள சொன்னன். அவன் தன்ர கோப்பையை எடுத்துக் குடிச்சான். ரெண்டாந்தரமும் சொல்லிப் பாத்தன், திரும்பவும் எடுத்தான். வட்டி கேப்பான் எண்டு சொன்னதும் அவன்ர காது சிவத்துப் போச்சு. பிறகென்ன." கூர்ந்து பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய எனக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"அப்ப, நிக்கட்டோ எண்டு கேட்டது?"

"அவனுக்குக் கேக்கட்டும் எண்டு கேட்டது. பிரான்சில விசாவுக்கு எத்தினை ஒபிசருக்கு முன்னால இருந்திருப்பன். முகத்தில ஒண்டும் பிடிக்க ஏலாது. கையைப் பாக்கோணும். நிக்கட்டோ எண்டு கேட்டன், மேசையில கிடந்த அவன்ர சுண்டுவிரல் மடங்கிச்சுது. நான் நிண்டிடுவன் எண்டு பயந்தவன்ர விரல் அது. விடட்டோ எண்டன், விரிஞ்சுது. கையில ஒண்டுமில்லை எண்டு அவனே சொன்ன மாதிரி. கோல் எண்டிட்டன்."

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று புறப்பட்டது. "இதை ஏன் அண்ணை அண்டைக்கு மொரீனுக்குச் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் முழுக்க உங்களுக்குத் தந்திருப்பாவோ தெரியாது. நீங்கள் கணிச்சனீங்கள் எண்டாவது தெரிஞ்சிருக்கும்."

"சொல்லி? பின்னேரம் முழுக்க வேணுமெண்டே தமிழில கதைச்சு அவனைச் சோதிச்சனான் எண்டு நான் சொன்னால், அதை விட்டுக்கொண்டு நிண்ட நீ என்ன ஆவாய்? உன்ர முகம் சாம்பலாப் போய்க் கிடந்தது. அதான் கடவுளோட கதைச்சனான் எண்டன். பிறகு நீ வேற ராணியைக் கண்டனான் எண்டு உளறிப் போட்டாய், அதுக்கு மேல நான் எப்பிடிச் சொல்லுறது?" யன்னலுக்கு வெளியே பார்த்தார். "காசு போகட்டும். முப்பது வருஷமாத் தோத்துத் தோத்து விளையாடினவன் நான். ஒரே ஒரு நாள் சரியாக் கணிச்சன். அதைச் சாமியும் டீலரும் சேர்ந்து தந்தது எண்டு எல்லாரும் நினைச்சிட்டினம். அதுதான் கொஞ்சம் குத்துது."

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. நாளைக்கே மொரீனிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் கோபப்பட்டார். "உனக்கு விசரே? அந்த லைசன்ஸ் இருக்கும்வரைக்கும் வாயைத் திறக்காதை. பிறகு நான் பேசாமல் இருந்ததுக்கு என்ன பலன்?" என்று சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். இறங்கும்போது, "ஊர் எவடம் எண்டு இப்பவாவது சொல்லு" என்றார். கதவு மூட முன் சொன்னேன். சுமதியின் சித்தப்பா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் அவருடைய வீடு இருந்திருக்கிறது.

அவர் சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் இன்ஸ்பெக்டராக நின்றேன், எத்தனையோ சச்சரவுகளில் "எல்லாரும் ஒத்துக்கொள்கிற இடத்திலிருந்து சொல்லு" என்று நானும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இந்த வருஷம் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் மிச்சத்துக்குப் போய்த் திருவண்ணையிடம் இனிச் சொல்லலாமோ என்று கேட்டேன். "சொல்லு. ஆனா சும்மா அதிர்ஷ்டம் எண்டு சொல்லாதை" என்றார். வீட்டுக்கு வந்து மொரீனுக்குப் போன் எடுத்தேன். அவர் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"நேசன், அன்றைக்கு உன்னிடம் ஐந்தாறு கேள்வி கேட்டேன். அந்த இளைஞர் சொன்னது எல்லாவற்றையும் கேட்டேன். அந்தப் பெரியவரிடம் மட்டும் ஏன் நின்றீர்கள் என்று நான் கேட்கவே இல்லை" என்றார்.

நானும் கேட்கவில்லை என்று சொன்னேன்.

ஆகவே சாப்பாட்டு மேசையில் கேட்ட பிள்ளைகளுக்கும், இனிக் கேட்கப் போகிறவர்களுக்கும் என் பதில் இதுதான். நான் பார்த்த பெரிய வெற்றி மூன்று எட்டுகள். அதைக் கணித்தவர் மிச்சத்துத் திருவண்ணை, தன் கண்ணால், தன் புத்தியால். நான் பக்கத்தில் நின்று சும்மா தலையாட்டினேன்.